இரண்டு புள்ளிகளும் ஒரு சாய்கோடும்: வலையமைப்பு மேலாண்மை மென்பொருள்களில் பாதை மீறல்



இன்றைய தலைப்பைக் கண்டு உங்களுள் சிலர் வியப்புற்றிருக்கக் கூடும். மொழிக் கழகத்தின் சொற்பொழிவு வரிசையில் கணினிப் பாதுகாப்புக்கு என்ன வேலை என்னும் வினா நியாயமானதே. நாம் மொழியியல் துறையைச் சார்ந்தவர். பொறியியல் கற்பிக்க இங்கு வரவில்லை. ஆயினும், கணினி உலகில் கால் நூற்றாண்டுக்கு மேலாகத் திரும்பத் திரும்ப நேர்ந்துவரும் ஒரு குறைபாடு, கூர்ந்து நோக்கினால், வாசிப்பில் நேரும் குறைபாடாகவே இருக்கிறது. ஒரே எழுத்துத்தொடரை இருவர் இருவேறு வகையாகப் படிக்கின்றனர்; அவ்விரு வாசிப்புகளுக்கும் இடையிலுள்ள இடுக்கின் வழியே அயலான் உள்ளே நுழைகிறான். எழுத்து, சொல், பொருள் என்று நாள்தோறும் வகுப்பறையில் பேசுகின்ற தமிழாசிரியர்கள் இதனைப் புரிந்துகொள்ளப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை.

பாதை என்பது யாது? கணினியில் கோப்புகள் கோப்புறைகளுக்குள்ளும், அக்கோப்புறைகள் வேறு கோப்புறைகளுக்குள்ளும் அடுக்கப்பட்டுள்ளன. 1960களில் மல்டிக்ஸ் இயங்குதளத்தை வடிவமைத்தோர் இந்த மரவடிவ அமைப்பை வகுத்தனர். பின்னர் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யூனிக்ஸ் அதனை உலகெங்கும் பரப்பியது. ஒரு கோப்பு எங்கே உள்ளது என்பதைச் சொல்ல, கடக்க வேண்டிய கோப்புறைகளின் பெயர்களைச் சாய்கோட்டால் பிரித்து வரிசையாக எழுதுவர். ‘/அறிக்கைகள்/ஜூன்/வரைபடம்’ என்பது ஒரு பாதை.

இடத்தைக் குறிப்பிட மனிதர்க்கு இரு வழிகள் உண்டு. புளோக் எண், மாடி எண், வீட்டு எண் என முழு முகவரியைச் சொல்வது ஒன்று. ‘மேல்மாடி’, ‘அடுத்த வீடு’ என நாம் நிற்கும் இடத்தை வைத்துச் சொல்வது மற்றொன்று. முன்னதன் பொருள் யார் சொன்னாலும் மாறுவதில்லை. பின்னதன் பொருள் சொல்பவன் நிற்கும் இடத்தைப் பொறுத்தது; மொழியியலில் இதனைச் சுட்டு என்கிறோம். கணினிப் பாதைகளிலும் அத்தகைய சுட்டுச்சொல் ஒன்று உண்டு. அடுத்தடுத்து எழுதப்படும் இரண்டு புள்ளிகளே அது. ‘..’ என்றால் ‘இப்போது நிற்கும் கோப்புறைக்கு ஒருபடி மேலே’ என்பது பொருள். அதற்குத் தனக்கென ஓர் இடம் இல்லை. எங்கே நின்று சொல்லப்படுகிறதோ அங்கிருந்து மேலே ஏறும்.

இதில் கவனிக்கத்தக்க நுணுக்கம் ஒன்று உள்ளது. மரத்தின் வேராகிய தலைக்கோப்புறையில் நின்றுகொண்டு ‘மேலே’ என்றால் என்ன ஆகும்? பிழை என்று கணினி மறுப்பதில்லை, அங்கேயே நிற்கும். மின்தூக்கி உச்சிமாடியை அடைந்த பின்னர் எத்தனை முறை பொத்தானை அழுத்தினாலும் அசையாதிருப்பதைப் போல என்று கொள்ளலாம். இதன் விளைவு பெரிது. தாம் எத்தனை படி ஆழத்தில் நிற்கிறோம் என்று அறியாத ஒருவரும் ‘../’ என்பதைப் பத்து முறை எழுதினால் உறுதியாக உச்சியை அடைந்துவிடுவார். மிகுதியாக எழுதியவை வீணாகுமேயன்றிக் கெடுதி செய்வதில்லை. உச்சியை அடைந்தவர் அங்கிருந்து எந்தக் கிளைக்கும் இறங்கலாம்.

இனி மென்பொருளுக்கு வருவோம். ஒரு பல்கலைக்கழகத்தையோ மருத்துவமனையையோ எண்ணிப் பாருங்கள். அங்கே நூற்றுக்கணக்கான சுவிட்சுகளும் திசைவிகளும் கம்பியில்லா இணைப்புக் கருவிகளும் சுவரோரங்களிலும் கூரைக்கு மேலும் அமர்ந்திருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகச் சென்று பார்க்க இயலாது. ஆகவே ஒரு மைய மென்பொருள் அவை யாவற்றையும் அவ்வப்போது நலம் விசாரிக்கிறது. அதற்கென 1988இலேயே எஸ்என்எம்பி என்னும் நெறிமுறை வகுக்கப்பட்டது. எந்தக் கருவி உயிரோடு உள்ளது, எந்தக் கம்பியில் நெரிசல் மிகுந்துள்ளது என்பனவற்றை அம்மென்பொருள் திரட்டி வைக்கும். கருவிகளின் அமைப்புக் கோப்புகளைப் படியெடுத்துக் காக்கும். புதிய அமைப்புகளை அனுப்பி வைக்கும். இவ்வளவும் செய்ய வேண்டுமாயின் எல்லாக் கருவிகளின் கடவுச்சொற்களும் அதனிடம் இருந்தாக வேண்டும். அரண்மனையின் ஒவ்வோர் அறைச் சாவியும் ஒரே வளையத்தில் கோக்கப்பட்டு ஒருவரது இடுப்பில் தொங்குவதைப் போன்றது இது.

முன்னாளில் இம்மென்பொருளை அதற்குரிய கணினியின் முன் அமர்ந்தே இயக்க வேண்டியிருந்தது. இன்று உலாவி வழியாக எங்கிருந்தும் இயக்கலாம். வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் உலாவியில் தோன்றும் ஒவ்வொரு பொத்தானும் ஏதோவொரு கோப்பைக் கேட்கிறது. ‘ஜூன் அறிக்கையைப் பதிவிறக்கு’ என்பதை அழுத்தினால், ‘ஜூன்’ என்ற பெயர் இணைய முகவரியோடு சேர்ந்து சேவையகத்தைச் சென்றடையும். அங்குள்ள நிரல், ‘அறிக்கைகள்’ என்ற கோப்புறையின் பெயரோடு அதனை ஒட்டி, அக்கோப்பை எடுத்துத் தரும். ‘ஜூன்’ என்பதற்கு மாறாக ஒருவர் ‘../../../../’ என்று தொடங்கி, இயங்குதளத்தின் பயனர் பட்டியல் இருக்குமிடத்தை எழுதி அனுப்பினால்? நிரல் அதையும் ஒட்டும், ஒட்டிய பாதை வழியே ஏறும், இறங்கும், எடுத்துத் தரும். கேட்டவர் பெயரைச் சொன்னாரா, வழியைச் சொன்னாரா என்று அது பார்க்கவில்லை. பெயர்ச்சொல் வரவேண்டிய இடத்தில் ஒரு முழுத் தொடர் வந்து அமர்ந்துவிட்டது.

2011இல் சிஸ்கோவொர்க்ஸ் என்னும் வலையமைப்பு மேலாண்மைத் தொகுப்பில் இத்தகைய குறைபாடு வெளிப்பட்டது. அது இருந்த இடம், யார் எப்போது என்ன செய்தார் என்பதைக் காட்டும் தணிக்கைப் பதிவுப் பக்கம். காவலாளியின் வருகைப் பதிவேடே திருடனுக்கு வாயிலாயிற்று.

‘இரண்டு புள்ளிகளும் சாய்கோடும் வந்தால் நீக்கிவிட வேண்டியதுதானே?’ என்று மாணவர் எவரும் கேட்பர். நிரலாளர்களும் அவ்வாறே எண்ணினர். எனவே உள்ளே வரும் தொடரில் ‘../’ எங்கிருந்தாலும் அழிக்கும் விதியை எழுதினர். அதனைக் கடக்க ‘....//’ என்று எழுதினாலே போதும். நடுவிலுள்ள ‘../’ அழிந்ததும், முன்னும் பின்னும் எஞ்சியவை ஒன்றுகூடி மீண்டும் ‘../’ ஆகிவிடும். கரும்பலகையில் ‘மமலர்லர்’ என்று எழுதி, ‘மலர்’ என்ற சொல்லை அழிக்குமாறு ஒரு மாணவரிடம் சொல்லுங்கள். அழித்த பின்னர் அங்கே ‘மலர்’ இருக்கும். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் இப்பயிற்சி, ஒருமுறை தேடி நீக்குவது ஏன் காவலாகாது என்பதைப் பக்கம் பக்கமான விளக்கத்தைக் காட்டிலும் நன்றாக உணர்த்தும்.

அடுத்து எழுத்தின் சிக்கல். இது தமிழ்க் கணிமையில் நாம் நெடுங்காலம் பட்ட துன்பத்தோடு நேரே தொடர்புடையது. 1997இல் சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாடு கூடியபோது தமிழுக்குப் பல குறியேற்றங்கள் புழங்கின. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் புரியாத குறிகளே தெரியும். ஒருங்குறி வந்த பின்னரும் தொல்லை முழுதும் தீரவில்லை. ‘கொ’ என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. இரண்டும் நிகரானவை என்று ஒருங்குறித் தரமே கூறுகிறது. ஆயினும் எண்களை மட்டும் ஒப்பிடும் நிரலுக்கு அவை இரு வேறு சொற்கள். ‘ஔவையார்’ என்பதை ஒகரமும் ளகரமும் சேர்த்து ‘ஒளவையார்’ எனத் தட்டச்சு செய்தவர் எத்தனை பேர்! பின்னர் தேடினால் மூதாட்டி அகப்படமாட்டார்.

இணைய முகவரியிலும் ஒரே குறியைப் பல வகையாக எழுத இயலும். சாய்கோட்டைச் சாய்கோடாகவே எழுதலாம். விழுக்காட்டுக் குறியிட்டு அதன் எண்குறியாலும் எழுதலாம். 2000ஆம் ஆண்டு அக்டோபரில் மைக்ரோசாஃப்ட்டின் ஐஐஎஸ் என்னும் இணையச் சேவையக மென்பொருளில் வெளிப்பட்ட குறைபாடு இதன் நேரடி விளைவு. ஒரு பைட்டில் எழுத வேண்டிய சாய்கோட்டை, யூடிஎஃப்-8 குறிமுறையில் வேண்டுமென்றே நீட்டி, இரண்டு பைட்டுகளாக எழுதினர் தாக்குவோர். பாதையைச் சோதித்த காவற்பகுதிக்கு அது சாய்கோடாகத் தெரியவில்லை. ஏதோ ஓர் அயலெழுத்து என்று விட்டுவிட்டது. அதன் பின்னர் அதே தொடரைப் பெற்ற உட்பகுதியோ குறிமுறையை விரித்துச் சாய்கோடாகவே படித்தது. சோதனை முன்னும் வாசிப்பு பின்னுமாக வரிசை மாறியதே குற்றம். அடுத்த ஆண்டு மே மாதம், இருமுறை விரிப்பதால் எழும் வேறொரு குறைபாடும் அதே மென்பொருளில் வெளிப்பட்டது. விழுக்காட்டுக் குறியையே ‘%25’ என்று மறைத்து எழுதினால், முதல் விரிப்பில் அது ‘%’ ஆகும். இரண்டாம் விரிப்பில்தான் உண்மை உருவம் வெளிப்படும். 2001 செப்டம்பர் 18 அன்று பரவத் தொடங்கிய நிம்டா என்னும் கணினிப் புழு, நுழைவதற்குப் பயன்படுத்திய வழிகளுள் இவ்விரண்டும் அடங்கும். குறிமுறையில் மிகக் குறுகிய வடிவமே ஏற்கத்தக்கது, நீட்டி எழுதியதை மறுக்க வேண்டும் என்பது இன்று தரமாகவே வகுக்கப்பட்டுள்ளது. எழுத்தொழுங்கு பார்ப்பவர்களைப் ‘பழமைவாதிகள்’ என்று நகைப்போர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

இனி, நமது துறையின் நோக்கில் மிகவும் சுவையானதெனக் கருதும் நிகழ்வுக்கு வருகிறோம். எஃப்5 நிறுவனத்தின் பிக்-ஐபி என்பது பெரிய நிறுவனங்களின் சேவையகங்களுக்கு முன்னால் நின்று, வரும் போக்குவரத்தைப் பகிர்ந்தளிக்கும் கருவி. அதனை நிர்வகிக்க உலாவி வழித் திரை ஒன்று உண்டு. 2020 ஜூன் இறுதியில் அத்திரையிலுள்ள குறைபாடு ஒன்றை அந்நிறுவனம் அறிவித்துத் திருத்தத்தையும் வெளியிட்டது. கண்டறிந்தவர் பாசிட்டிவ் டெக்னாலஜீஸ் நிறுவனத்தைச் சேர்ந்த மிக்கைல் க்ளூச்னிகோவ். சிவிஇ-2020-5902 என்று பதிவான அக்குறைபாட்டுக்குக் கடுமை மதிப்பீட்டில் பத்துக்குப் பத்து வழங்கப்பட்டது. நல்ல மாணவர் எவரும் விரும்பாத மதிப்பெண் அது.

அத்திரைக்குப் பின்னால் இரண்டு மென்பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. முன்னால் அப்பாச்சி இணையச் சேவையகம், பின்னால் டாம்கேட். இரண்டும் ஒரே அப்பாச்சி அறக்கட்டளையின் வீட்டுப் பிள்ளைகளே. முன்னது காவல்: வருபவர் கடவுச்சொல் தந்தாரா என்று பார்க்கும். நுழைவுப் பக்கத்தைக் கேட்பவரிடம் மட்டும் கடவுச்சொல் கேட்காது. நுழைவதற்கு முன் எவரிடமும் அது இருக்காதே. பின்னது பணியாள்: கேட்ட பக்கத்தை எடுத்துத் தரும். தாக்குவோர் அனுப்பிய பாதையில் நுழைவுப் பக்கத்தின் பெயரும், அதனையடுத்து ‘/..;/’ என்ற குறிகளும், அதன்பின் தாம் உண்மையில் விரும்பிய உள்பக்கத்தின் பெயரும் இருந்தன. இரண்டு புள்ளிகளை அடுத்து வரும் அந்த அரைப்புள்ளியைக் கவனியுங்கள்.

காவலுக்கு ‘..;’ என்பது வெறும் பெயர். இரண்டு புள்ளிகள் மட்டும் இருந்தால் ‘மேலே’ என்று பொருள். அரைப்புள்ளி சேர்ந்தபடியால் அது வேறு சொல், பொருளற்ற ஏதோ ஒரு கோப்புறைப் பெயர் என்று காவல் கொண்டது. தொடரின் தொடக்கம் நுழைவுப் பக்கமாக இருந்ததால் தடையின்றி அனுமதித்தது. டாம்கேட்டுக்கோ வேறு இலக்கணம். பாதையின் ஒவ்வொரு பகுதியிலும் அரைப்புள்ளிக்குப் பின் வருவது கூடுதல் குறிப்பு, பெயரின் உறுப்பன்று என்பது அதன் விதி. இவ்விதி அது தானே புனைந்ததன்று. 1998இல் வெளிவந்த இணைய முகவரித் தரத்திலேயே அரைப்புள்ளிக்கு இந்தப் பயன் குறிக்கப்பட்டிருந்தது. ஆகவே டாம்கேட் அரைப்புள்ளியை உரித்தெறிந்தது, எஞ்சியது ‘..’, ஒருபடி மேலேறியது, கடவுச்சொல் கேட்கப்படாத ஒருவருக்கு உள்பக்கத்தைத் திறந்துவிட்டது. அங்கிருந்து கோப்புகளைப் படிக்கவும் கருவியில் கட்டளைகளை இயக்கவும் இயன்றது.

நன்னூலார் மொழியை மூவகையாகப் பகுக்கிறார்: தனிமொழி, தொடர்மொழி, பொதுமொழி. பொதுமொழி என்பது தனிமொழியாகவும் தொடர்மொழியாகவும் நிற்கும் ஆற்றலுடையது. ‘எட்டு’ என்றால் எண். ‘எள் து’ எனப் பிரித்தால் எள்ளை உண் என்பதாகும். ‘வேங்கை’ என்றால் மரம் அல்லது விலங்கு; ‘வேகின்ற கை’ எனவும் பிரிக்கலாம். எத்தனை தலைமுறைகளாக இவ்வெடுத்துக்காட்டுகளை மாணவர்க்குச் சொல்லிவருகிறோம்! ‘..;’ என்பதும் ஒரு பொதுமொழியே. காவல் அதனைத் தனிமொழியாகப் படித்தது. பணியாள் தொடர்மொழியாகப் பிரித்துப் பொருள் கொண்டது. இருவருள் எவர் வாசிப்பும் தன்னளவில் பிழையன்று. அப்பாச்சியிடம் கேட்டால் தன் இலக்கணத்தைக் காட்டும். டாம்கேட்டிடம் கேட்டால் தன்னுடையதைக் காட்டும். இருவரையும் ஒரே வாயிலில் நிறுத்தியவர், அவர்கள் ஒரே மொழி பேசுகின்றனர் என்று கருதிக்கொண்டதே குற்றம். நிரலில் பிழை எந்த வரியில் உள்ளது என்று கேட்டால், எந்த வரியையும் சுட்டிக்காட்ட இயலாத வகையைச் சேர்ந்தது இது.

இதன்பின் நடந்ததும் பாடமாகத் தக்கது. திருத்தத்தை உடனே நிறுவ இயலாதவர்களுக்கென முதலில் வெளியிடப்பட்ட தற்காலிகத் தடுப்பு, ‘..;’ என்ற மூன்று குறிகளின் தொடரைத் தேடி மறுத்தது. அதாவது பொருளைத் தேடாமல் வடிவத்தைத் தேடியது. சில நாள்களிலேயே அதனைச் சுற்றிச் செல்லும் வழியைப் பிறர் கண்டனர். தடுப்பை விரிவுபடுத்த வேண்டியதாயிற்று. அமெரிக்கப் படைத்துறையின் இணையப் பிரிவு, விடுதலை நாள் விடுமுறை வார இறுதி என்று பாராமல் உடனே திருத்துக என ஜூலை 3 அன்று பொதுவெளியில் வேண்டுகோள் விடுத்தது.

அடுத்த நிகழ்வு மொழிக் கழகத்தாராகிய நம்மை இன்னும் நெருக்கமாகத் தொடுவது. வெளியிலிருந்து நிறுவனத்தின் உள்வலைக்குள் பாதுகாப்பாக நுழைவதற்கென ஃபோர்ட்டிநெட் நிறுவனம் உருவாக்கிய கருவியின் நுழைவுத் திரையில், பயனர் தமக்குரிய மொழியைத் தேர்ந்துகொள்ளும் வசதி இருந்தது. மொழியின் பெயர் முகவரி வழியே சேவையகத்தை அடையும். நிரல் அதனை மொழிக் கோப்புறையின் பாதையோடு ஒட்டி, இறுதியில் கோப்பு வகையைக் குறிக்கும் ‘.ஜேசன்’ என்ற பின்னொட்டைச் சேர்க்கும். பின்னொட்டு கட்டாயமாகச் சேர்வதால் மொழிக் கோப்பைத் தவிர வேறெதையும் கேட்க இயலாது என்று தோன்றும். ஆனால் பாதையை எழுதி வைக்க ஒதுக்கிய இடம் 64 பைட்டுகளே. மொழிப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘../’களும் மிகுதியான சாய்கோடுகளும் கொண்டு நீண்டதொரு பாதையை எழுதினால், இடம் நிரம்பிவிடும், பின்னொட்டுக்கு இடமிராது, அது விழுந்துவிடும். அதன்பின் விரும்பிய கோப்பு கைக்கு வரும். அப்படிப் படிக்கக் கிடைத்தவற்றுள் ஒன்று, அப்போது உள்ளே இருந்த பயனர்களின் பெயரும் கடவுச்சொல்லும் மறைப்பின்றி எழுதப்பட்டிருந்த கோப்பு.

தைவானைச் சேர்ந்த டெவ்கோர் நிறுவன ஆய்வாளர்கள் ஆரஞ்ச் சாய், மெ சாங் ஆகிய இருவரும் இதனைக் கண்டறிந்து நிறுவனத்திடம் தெரிவித்தனர். 2019 மே மாதம் அறிவிப்பு வெளியாயிற்று. ஆகஸ்டில் அவ்விருவரும் அமெரிக்காவில் நடந்த பிளாக் ஹேட் மாநாட்டில் விளக்கினர். மருந்து வந்துவிட்டது, ஆனால் உட்கொள்ளாதோர் பலர். 2021 செப்டம்பரில் ஏறத்தாழ 87,000 கருவிகளின் நுழைவு விவரங்கள் வெளியே கசிந்தன என்று அந்நிறுவனமே அறிவித்தது. பழைய குறைபாட்டின் வழியே திரட்டப்பட்டவை அவை. திருத்தத்தைப் பின்னர் நிறுவியோரும், முன்பே களவுபோன கடவுச்சொல்லை மாற்றாதிருந்தால், பூட்டை மாற்றாமல் கதவுக்கு மட்டும் வண்ணம் பூசியவர்களே ஆவர்.

2020 ஜூலையில் சிஸ்கோ நிறுவனத்தின் ஏஎஸ்ஏ தடுப்புக் கருவியில் வெளிப்பட்ட குறைபாடும் இத்தகையதே. அங்கே வாயிலானது மொழிபெயர்ப்பு அட்டவணையைக் கேட்கும் முகவரி. ‘மொழி’ என்னும் இடத்தில் ‘../’ எழுதப்பட்டது. அதனால் படிக்கக் கிடைத்தவை அக்கருவியின் இணையச் சேவைப் பகுதியிலுள்ள கோப்புகள் மட்டுமே. இயங்குதளக் கோப்புகள் தப்பின. இரு வேறு நிறுவனங்கள், இரு வேறு நிரல்கள். ஆயினும் கதவு ஒன்றே. ஆங்கிலம் அறியாதவருக்கென அமைத்த வசதியை எவரும் ஆபத்தானதாகக் கருதுவதில்லை. அது அலங்காரம், இறுதியில் சேர்த்துக்கொள்ளலாம் என்னும் மனப்பான்மை மென்பொருள் உலகில் பரவலாக உண்டு என்பது நம் கருத்து. மொழித் தேர்வு கடவுச்சொல்லுக்கும் முன்னால் நிகழ்கிறது. அதாவது வாயிலுக்கு வெளியே நிற்கும் எவரும் அதனைத் தொடலாம். அங்கே கூடுதல் கவனம் அன்றோ வேண்டும்? தமிழில் இடைமுகம் வேண்டும் என்று கோரிக்கை வைக்கும்போது, அதன் மொழிக் கோப்புகள் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுகின்றன என்றும் கேட்க வேண்டியவர்களாகிறோம்.

கேட்டால் சொல்லத்தக்க எளிய விடையும் உண்டு. சிங்கப்பூரின் அலுவல் மொழிகள் நான்கு. ஆங்கிலம், மலாய், மாண்டரின், தமிழ் என நான்கே தேர்வுகள் உள்ள இடத்தில் பயனரிடம் கோப்புப் பெயரை ஏன் கேட்க வேண்டும்? ஒன்று முதல் நான்கு வரை ஓர் எண்ணை வாங்கி, எந்த எண்ணுக்கு எந்தக் கோப்பு என்பதை நிரல் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். ஐந்து என்று எவரேனும் அனுப்பினால் மறுத்துவிடலாம். ‘../’ என்பது அங்கே எண்ணே அன்று.

பெயரைக் கேட்டே தீர வேண்டிய இடங்களில், முதலில் எல்லாக் குறிமுறைகளையும் விரித்து, எல்லாச் சுட்டுகளையும் தீர்த்து, முழு முகவரியாக மாற்ற வேண்டும். அதன்பின்னரே அது அனுமதித்த கோப்புறைக்குள் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். செய்யுளைப் பதம் பிரித்த பின்னர்ப் பொருள் கொள்ளும் முறையே இது. அப்போதும் தொடக்க எழுத்துகளை மட்டும் ஒப்பிட்டால் ஏமாறுவோம். ‘மலை’ என்று தொடங்குவதால் ‘மலையாளம்’ மலைக்குள் அடங்கிவிடாது. கோப்புறைப் பெயரை அதன் முடிவுச் சாய்கோட்டோடு சேர்த்தே ஒப்பிட வேண்டும். பொறியாளர்கள் செய்ய வேண்டிய வேறு சிலவும் உண்டு: கோப்பைத் திறக்கும் நிரலுக்குத் தேவைக்கு மேற்பட்ட உரிமை தராதிருத்தல், மேலாண்மைத் திரையைப் பொது இணையத்திலிருந்து எட்டாத உள்வலையில் வைத்தல். அவற்றை அவர்களிடமே விட்டுவிடுவோம்.

பாதையைத் தீர்க்கும் நிரலும் மனிதர் எழுதியதே என்பதை மறக்கலாகாது. 2021 செப்டம்பரில் வந்த அப்பாச்சி சேவையகத்தின் 2.4.49 பதிப்பில், பாதையை ஒழுங்குபடுத்தும் பகுதி புதிதாக எழுதப்பட்டது. இரண்டு புள்ளிகளுள் இரண்டாவதை மட்டும் எண்குறியால் மறைத்தால் அது ஏமாந்தது. அக்டோபர் 4இல் திருத்திய பதிப்பு வந்தது. இருமுறை மறைத்தால் அதுவும் ஏமாந்தது. அக்டோபர் 7இல் மூன்றாவது பதிப்பு வெளியாயிற்று. கால் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பட்டறிவு உடைய மென்பொருளுக்கே இந்நிலை என்பதைப் புதிதாக நிரல் எழுதப் புகும் மாணவர்கள் மனத்திற் கொள்க.

சொல்லாக்கம் குறித்தும் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் இக்குறைபாட்டின் பெயரில் ‘கடந்து செல்லுதல்’ என்ற பொருளே உள்ளது. அதனை அப்படியே பெயர்த்துப் ‘பாதைக் கடப்பு’ என்று சொல்வோர் உளர். பாதை இருப்பதே கடப்பதற்குத்தான். அதில் குற்றம் இல்லை. வகுத்த எல்லையைத் தாண்டுவதே குற்றம். எனவே ‘பாதை மீறல்’ என்பதை நாம் விரும்புகிறோம். விதிமீறல், எல்லைமீறல் என்னும் சொற்கள் ஏற்கெனவே வழக்கில் இருப்பதால், கேட்ட மாத்திரத்தில் மாணவர்க்குப் பொருள் விளங்கும்.

இறுதியாக மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இன்று கேட்டதைச் சோதித்துப் பார்க்கும் ஆர்வம் எழுவது இயல்பு. பிறருடைய சேவையகத்தின் முகவரியில் ‘../’ என்று எழுதிப் பார்ப்பது, எதையும் எடுக்காவிட்டாலும், சட்டத்தின் பார்வையில் விளையாட்டாகக் கொள்ளப்படும் என்று நம்ப வேண்டா. சிங்கப்பூரில் 1993ஆம் ஆண்டுக் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டமும், மலேசியாவில் 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டமும் அனுமதியற்ற நுழைவைக் குற்றமாகக் கொள்கின்றன. சொந்தக் கணினியில், வலையிலிருந்து துண்டித்த நிலையில், ஒரு சிறு சேவையகத்தை நிறுவி அதில் முயன்று பாருங்கள். அதற்கும் வசதி இல்லையெனில் தாளும் எழுதுகோலும் போதும். ஐந்து கோப்புறைகளை மரமாக வரைந்து, ‘....//’, ‘..;/’, ‘%25’ ஆகியவற்றைக் கொண்ட பாதைகளை ஒருவர் எழுத, காவலாக ஒருவரும் பணியாளாக ஒருவரும் தனித்தனியே படித்துத் தாம் சென்றடைந்த இடத்தைக் குறித்துக்கொள்ளட்டும். பிறகு இருவர் தாள்களையும் அருகருகே வையுங்கள்.